மனசுல ஓடுறத சத்தமாச் சொல்லுங்க

— புரியுது மேடம். ஆனா நான் உதவி பண்ணக் கூடாது, அதுதான் இங்க முறை. புது ஃபார்ம் எப்படி இருக்குன்னு பாக்கத்தான் உங்களக் கூப்பிட்டிருக்கோம். நீங்களாவே நிரப்பணும். மனசுல ஓடுறத மறைக்காம சத்தமாச் சொல்லிக்கிட்டே நிரப்பணும். எங்கிட்ட ஏதாவது கேட்டா பதில் வராது, திருப்பி ஒரு கேள்விதான் வரும்.

— அதுக்கென்ன, என் வீட்டுக்காரரும் அப்படித்தான். வெர்ன் கிட்ட நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் இதுவரைக்கும் பதில் வந்ததில்ல. ஆரம்பிக்கட்டுமா தம்பி? மணி நாலு ஆகப்போகுது. வீட்டச் சூடாக்குற எண்ணெய் உதவிக்கு எழுதிப்போட இன்னிக்கு அஞ்சு மணியோட சரின்னு ரேடியோல கத்திக்கிட்டே இருக்கான்.

— நோலன், நான் ப்ரெஸ்டன். அந்தக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாடி இருக்கேன். உன் காதுல நான் பேசுறது உனக்கு மட்டுந்தான் கேக்கும், கேக்குறப்பல்லாம் மூக்கத் தொடு... அருமை. அந்தம்மா பேரு ஆர்லிஸ்தானே? என்ன ஒரு முகம்! இந்த முகத்த மனசுல வச்சுத்தான் நான் இதச் செதுக்கினேன். இன்னொண்ணு, ஃபார்ம்னு சொல்லாத. பயணம்னு சொல்லு.

— உங்க... பயணத்தத் தொடங்கலாம், ஆர்லிஸ் மேடம்.

— எங்கேருந்து தொடங்க? பக்கம் பூரா வெள்ளையா இருக்கே. ஜன்னல்ல பாத்தாலும் பனி, இதுக்குள்ள பாத்தாலும் பனி. கட்டம் எங்க தம்பி?

— கட்டம் எங்க இருக்கும்னு நினைக்கிறீங்க?

— சரிதான்! ...ஆங், கண்ண இடுக்கிப் பாத்தா ஏதோ தெரியுது. "முழுப்பெயர்"னு சாம்பல் கலர்ல ஒரு நிழல். ஆர்லிஸ் ஹாக்ஸ்டாட். அடுத்தது... அட, தட்ட ஆரம்பிச்சதும் எழுத்து மறைஞ்சுடுச்சே! இந்தக் கட்டம் எதுக்கு? ஊரா, தெருவா?

— எழுத்து மறையிறது பெரிய கலை, நோலன். குறிச்சுக்கோ. சொல்லாமலே சொல்றது.

— எதுக்கா இருக்கும்னு நினைக்கிறீங்க, மேடம்?

— ஊருன்னே வச்சுக்குவோம். இது என்ன, காலண்டர் விரியுது. பிறந்த தேதி. ஆனா இன்னைக்குத் தேதியில நிக்குதே! பின்னால போக ஒரே ஒரு அம்பு. ஒரு அமுக்குக்கு ஒரு மாசம்தான் நகருது. ஆத்தாடி, நான் பொறந்தது அறுபத்தி மூணுல தம்பி!

— எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க, மேடம்?

— அமுக்குறேன். அமுக்கிக்கிட்டே இருக்கேன். ஸ்கூல் பஸ் ஓட்ட ஆரம்பிச்ச வருஷம் போயிடுச்சு. இதோ, வெர்னக் கட்டிக்கிட்ட வருஷம். நிறுத்தி ஒரு வார்த்தை எச்சரிக்கணும்னு தோணுது. இன்னும் பள்ளிக்கூடம் தாண்டணும், அப்புறம்தான் தொட்டில்.

— வாழ்க்கைய அசைபோடுறாங்க பாரு! ஒரு தேதிக் கட்டத்துல இத யாராவது சாதிச்சிருக்காங்களா? அருமை, அருமை.

— என்ன தம்பி, அடிக்கடி மூக்கத் தொடுறீங்க? சளியா?

— ஆமா மேடம். கொஞ்சம்.

— எங்க வீட்டுக்கு வந்துடாதீங்க, நிமோனியாவே வந்துடும். நாலு நாளா சூடேத்துற மெஷின் ஓடல, தொட்டியில எண்ணெய் சுத்தமா இல்ல. வெர்ன் இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு நடக்க முடியாம, கம்பளித் தொப்பியும் கையுறையுமா சமையலறையில உக்காந்திருக்காரு. ரொட்டி சுடுற ஓவனப் பத்தவச்சு, அதோட கதவத் திறந்து வச்சுட்டு வந்திருக்கேன். நாயும் அவரும் அது முன்னால. இது கிடைச்சுட்டா இந்த வாரமே எண்ணெய் வண்டி வந்துடும்னு மாவட்ட ஆபீஸ்ல சொன்னாங்க. இப்ப இதுல நிரப்பினா அவங்களுக்குப் போய்ச் சேந்துடுமில்ல?

— அது... போய்ச் சேரும்னு நினைக்கிறீங்களா, மேடம்?

— நினைக்காமயா இந்தக் காத்துல கிளம்பி வந்தேன்? நூலகத்துல ஒட்டியிருந்தீங்களே, "வெப்ப உதவி ஃபார்ம் நிரப்ப வாருங்கள், கூடவே ஒருவர் இருப்பார்"னு. அதப் பாத்துட்டு எங்க தெருவுலயே நாலு பேர கூட்டிட்டு வந்திருக்கேன். டேல், அவன் அக்கா, ஓல்சன் புருஷன் பொண்டாட்டி. எல்லாருக்கும் கம்ப்யூட்டர்னா கை நடுங்கும். வெளில வரிசையா உக்காந்திருக்காங்க.

— ப்ரெஸ்டன்... ஒரு நிமிஷம் நிறுத்திக்கலாமா?

— யாரு தம்பி ப்ரெஸ்டன்?

— நோலன்! வாயத் திறக்காத! நீ குறுக்க வந்தா சோதனை செத்துடும். அவங்க தவிப்புதான் நமக்குத் தங்கம். தவிக்க விடு.

— யாருமில்ல மேடம். நீங்க தொடருங்க.

— இது என்ன கேள்வி? "உங்கள் வீட்டின் கதகதப்பை மூன்று சொற்களில் வர்ணியுங்கள்." கதகதப்பு இருந்தா நான் ஏன்யா இங்க வரேன்? சரி. "அது. எங்க. இருக்கு." மூணு ஆச்சு. போன் நம்பர். தட்டியாச்சு. அய்யோ, என்னமோ துள்ளிக்கிட்டு வருது! நீர்நாயா அது? பனியில வழுக்கி விழுது. "அச்சச்சோ! எங்கேயோ சறுக்கிட்டீங்க!" எங்கன்னு சொல்லித் தொலையேன்!

— அந்த நீர்நாய் பேரு ஆலி. என் சொந்த யோசனை.

— நம்பர்ல கோடு போடாம தட்டிப் பாக்குறேன். இடம் விட்டுத் தட்டுறேன். அடைப்புக்குறி போடுறேன்... ஆங், நீர்நாய் ஓடிடுச்சு. கீழ ரெண்டு பட்டன். ஒண்ணு நல்ல நீலத்துல, பெருசா. இன்னொண்ணு செத்த மீன் மாதிரி வெளுத்துக் கிடக்கு. நீலந்தானே அனுப்புறது? அமுக்கிட்டேன்... தம்பி. எல்லாம் போயிடுச்சு. ஒண்ணுமே இல்ல. நீலம் அழிக்கிறதா?

— எப்படி உணர்றீங்க, மேடம்?

— உணர்றதா! முதல்லேருந்து அறுபத்தி மூணு வரைக்கும் திரும்ப நடக்கணும்னு உணர்றேன். தள்ளுங்க.

— என்ன ஒரு விடாமுயற்சி. இத அப்படியே டிசைன் பரிசுக் கமிட்டிக்குப் போட்டுக் காட்டணும்.

— பேசாதீங்க தம்பி, எண்ணிக்கை தப்பிடும்... பஸ்... வெர்ன்... பள்ளிக்கூடம்... தொட்டில். கதகதப்பு, மூணு வார்த்தை. நம்பர். இப்ப அந்தச் செத்த மீன். அமுக்கிட்டேன்... வந்துடுச்சு! "நன்றி! கதகதப்பு வந்துகொண்டிருக்கிறது." நீர்நாய் போர்வை போத்திட்டுத் தூங்குது. பாருங்க, என் கண்ணுல தண்ணி. அப்பாடா. எண்ணெய் வண்டி எந்தக் கிழமை வரும் தம்பி?

— கண்ணீர்! நோலன், "பரவசம்"னு எழுது.

— மேடம்... இது வெள்ளோட்டம்.

— அப்படீன்னா?

— ஒத்திகை மேடம். முகப்பு மட்டுந்தான் இருக்கு, பின்னாடி ஒண்ணுமில்ல. நீங்க அனுப்பினது எங்கயும் போகல. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல அது இருந்துச்சு.

— அந்தத் தாளா? அதுலயும் இதே சாம்பல் எழுத்துதானே இருந்துச்சு. சரி, நெசமான ஃபார்மக் குடுங்க.

— அது பழைய ஃபார்ம். ஒரே பக்கம். நூலகத்துலயே இருந்திருக்கும். இப்ப... மணி அஞ்சேகால் மேடம். மூடியாச்சு. இனிமே அடுத்த பனிக்காலத்துக்குத்தான்.

— நான் கேட்டேனே தம்பி. போய்ச் சேருமான்னு கேட்டேனே.

— கேட்டீங்க.

— வெர்ன் கிட்ட போய் என்ன சொல்ல? வெளில இருக்கிற நாலு பேரு கிட்ட என்ன சொல்ல? நான்தான் கூட்டிட்டு வந்தேன்.

— அவங்க கிட்ட நான் சொல்றேன் மேடம். இப்பவே போய் நானே சொல்லிடறேன்.

— ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, நோலன். விஷயம் தெரிஞ்சுட்டா அவங்க தவிப்புல உயிரே இருக்காது. அந்தம்மாவப் பின்வாசல் வழியா அனுப்பிட்டு டேலக் கூப்பிடு. கேக்குதா?

— என்ன தம்பி, சொல்றேன்னுட்டு திரும்பவும் மூக்கத் தொடுறீங்க?