இரண்டு தரம் வந்த இரண்டு ஐம்பத்தைந்து

வந்திருந்தோர்: ஸ்ரீஸ்கந்தராஜா, ஜன்னலோரச் சாப்பாட்டு மேசையில், பேனையும் கடிதத் தாளும் பரப்பிக்கொண்டு. அவர் மனைவி வசந்தமலர், குசினி வாசலுக்குக் கிட்டிய கதிரையில், பாதி இருந்தும் பாதி எழும்பியும். தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்த திருமதி சரோஜினி, ஈப்போவில் பிறந்தவர், ஹீட்டருக்குப் பக்கத்துச் சோபாவில், கைப்பையை மடியை விட்டு இறக்காமல்.

வராதோர்: வீட்டுக்காரரின் மகள் கலாவதி, வந்தவரின் மகன் குணசீலன். இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் ஷிப்ட்.

இடம்: லண்டன், ஃபாரஸ்ட் கேட். 1996 தை மாதத்துச் சனிக்கிழமை, முற்பகல்.

— ரெண்டு ஜாதகம் அனுப்பிச்சிருக்கீங்க மிஸ்டர் ஸ்ரீ. எனக்கு ஒரு மருமக போதும்லா.

— ரெண்டும் ஒரே பிள்ளையின்ரைதான், சரோஜினி அம்மா. இணைப்பு அ, இணைப்பு ஆ எண்டு பென்சிலாலை அடையாளம் போட்டு, விளக்கக் கடிதமும் சேர்த்து வைச்சனான்.

— என்ரை கடவுளே! அக்கா, நான் இந்த மனுசனுக்குத் தலைப்பாடாய் அடிச்சுச் சொன்னனான். நல்ல சாதகம் ஒண்டு இருக்கு, அதை மட்டும் அனுப்புங்கோ எண்டு. கேட்டாரே? கெட்டதை மேலை வைச்சு, நல்லதைக் கீழை வைச்சு அனுப்பியிருக்கிறார்!

— அகர வரிசைப்படி வைச்சனான்.

— பாத்தீங்களோ அக்கா? இந்த ஆளோடை இருபத்தாறு வருசம்!

— நீ உக்காரு வசந்தா. மிஸ்டர் ஸ்ரீ, உங்க விளக்கக் கடிதம் நாலு பக்கம். எங்க வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் பேப்பர்னு நெனச்சு ஃபைல்ல போட்டுட்டார். எனக்குப் புரியிற மாதிரி வாயால சொல்லுங்க.

— முறைப்படி சொல்லுறன். கலாவதி பிறந்தது எழுபத்தொண்டாம் ஆண்டு, ஒக்டோபர் கடைசி நாள். ஆஸ்பத்திரியிலை எழுதித் தந்த நேரம் விடியப்புறம் இரண்டு ஐம்பத்தைஞ்சு. அண்டு இரவுதான் இந்த நாட்டிலை மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பினவை. மூண்டு மணி வரவேண்டிய இடத்திலை திரும்ப இரண்டு மணி வந்தது. அப்ப, இரண்டு ஐம்பத்தைஞ்சு அண்டைக்கு இரண்டு தரம் வந்தது.

— ஐயோ சாமி.

— முதல் தரம் வந்ததிலை பிறந்திருந்தா சிம்ம லக்கினம். ஏழிலை செவ்வாய், தோசம். அது இணைப்பு அ. இரண்டாம் தரம் வந்ததிலை பிறந்திருந்தா கன்னி லக்கினம். செவ்வாய் ஆறிலை, தோசம் இல்லை. அது இணைப்பு ஆ.

— ஆ-தான் அக்கா! பெத்தவள் நான், எனக்குத் தெரியாதே? அந்த ஐரிஷ் நேர்ஸ் சப்பாத்தோடை கதிரையிலை ஏறி நிண்டு, சுவர் மணிக்கூட்டைத் திருப்பினதை இந்தக் கண்ணாலை கண்டனான். அதுக்குப் பிறகுதான் பிள்ளை பிறந்தது.

— உமக்கு அப்ப கண் திறந்திருந்ததோ வசந்தா? நீர் குழறின குழறல் லிப்ட் வரைக்கும் கேட்டது.

— நீங்கள் எங்கை நிண்டனீங்கள்? வெளியிலை பேப்பர் வாசிச்சுக்கொண்டு!

— பேப்பர் இல்லை. உம்மடை அப்பாவுக்குக் கடிதம். பேரப்பிள்ளை ஆணோ பெண்ணோ எண்ட இடத்தை மட்டும் விட்டிட்டு, மிச்சமெல்லாம் எழுதி முடிச்சிட்டன்.

— சிரிப்பு காட்டாதீங்க மிஸ்டர் ஸ்ரீ. நான் மனசு நொந்து போய் வந்திருக்கேன். பசங்க ரெண்டும் ஒண்ணை ஒண்ணு விரும்புது. கலாவை எனக்கும் பிடிக்கும். போன வாரம் வந்தா, என் கிச்சன்ல கேக்காமலே பாத்திரம் கழுவி வச்சுட்டுப் போறா. ஆனா குணா ஜாதகத்துல தோஷம் இல்ல. தோஷம் இருக்கிற பொண்ணைச் சேர்த்தா அவனுக்கு ஆகாதுன்னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. அதுக்காகவே நாலு ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கேன்.

— அந்த நாலும் வேறை, அக்கா. இது எங்கடை கலா.

— அதனாலதான் போன்ல சொல்ல வாய் வரல, ட்ரெயின் ஏறி வந்தேன். ஒரே ஜாதகம், தோஷம் இல்லன்னா சரின்னு சொல்லிருப்பேன். தோஷம்னா வேணாம்னு சொல்லிருப்பேன். அதுவா இதுவான்னா நான் என்ன பண்றது? குணா என்னை மீறிக் கட்ட மாட்டான். ஆனா வேற யாரையும் கட்டவும் மாட்டான். முகத்துக்கு நேரா சொல்லிட்டான்.

— இதுக்கெல்லாம் காரணம் இந்த நாட்டு மணிக்கூடு! அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறன்.

— இது என்ன, இன்னொரு இணைப்பா?

— இல்லை, இது எங்கடை எம்பிக்கு. வாற வெள்ளிக்கிழமை பாராளுமன்றத்திலை நேரத்தைப் பற்றி ஒரு மசோதா வருது. ஆள் ஆளுக்கு அப்பிடி மாத்து, இப்பிடி மாத்து எண்டு கதைக்கினம். நான் கேட்கிறது ஒண்டுதான். மாத்துறதையே நிப்பாட்டுங்கோ. இண்டைக்குப் பன்னிரண்டரைத் தபாலிலை போனாத்தான் திங்களுக்கு அவரின்ரை கையிலை கிடைக்கும்.

— ஐயய்யோ, அதை நிறுத்தச் சொல்லாதீங்க. அக்டோபர்ல ஒரு மணி நேரம் கூடத் தூங்குறோமே, வருஷத்துல அரசாங்கம் நமக்குக் குடுக்கிறது அது ஒண்ணுதான்.

— பங்குனியிலை அதைத் திருப்பிப் பறிக்கினமே, அக்கா! ஒரு வருசம் நான் முதல்நாளே எல்லா மணிக்கூட்டையும் முன்னுக்குத் தள்ளிப்போட்டுப் படுத்திட்டன். இவர் விடிய எழும்பி, முறைப்படி, தானும் ஒருக்காத் தள்ளியிருக்கிறார். கோயிலுக்குப் போனா கதவு பூட்டிக் கிடக்கு. ஐயர் பல்லு மினுக்கிக்கொண்டு வந்து, என்ன விசேஷம் எண்டு எங்களைக் கேட்கிறார்!

— ஹா ஹா! ரெண்டு பேரும் தள்ளிட்டீங்களா!

— அதுவும் கடிதத்திலை பந்தி இரண்டிலை இருக்கு. உதாரணத்துக்கு, பேர் குறிப்பிடாமல்.

— எங்க, படிங்க உங்க கடிதத்தை.

— பந்தி மூண்டு, இதுதான் முக்கியம். இங்கிலீசிலை எழுதினதைத் தமிழிலை சொல்லுறன். "நேரத்தை மாற்றாமல் இருக்க இந்த நாட்டுக்கு ஏலாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அறுபத்தெட்டாம் ஆண்டு முன்னுக்குத் தள்ளிய மணிக்கூட்டை எழுபத்தொன்றாம் ஆண்டு ஒக்டோபர் வரைக்கும் பின்னுக்குத் திருப்பவேயில்லை. இடையில் வந்த மூன்று குளிர்காலமும் நாடு கோடை நேரத்திலேயே நடந்தது." லைபிரரியிலை போய்ப் பாத்து எழுதினது. கலா பிறந்த இரவுதான் திரும்ப மாத்தத் தொடங்கினவை. எங்கடை பலன்.

— நிறுத்துங்க. திரும்பப் படிங்க.

— "அறுபத்தெட்டாம் ஆண்டு முன்னுக்குத் தள்ளிய..."

— குளிர்காலத்துலயும் ஒரு மணி முன்னாடியே வச்சிருந்தாங்களா?

— ஓம். மூண்டு குளிர்காலம்.

— குணா எழுபதுல பொறந்தான். ஜனவரி.

— என்னக்கா, முகம் வெளுத்துப் போச்சு?

— ராத்திரி பத்தேகால். நேரத்தை எழுதி ஈப்போவுல ஜோசியருக்கு அனுப்பினோம். அவர் கெட்டிக்காரர், திருப்பிக் கேட்டு எழுதினார். லண்டன்ல கோடையில கடிகாரத்தை மாத்துவாங்களாமே, இது மாத்தின நேரமா, மாத்தாத நேரமான்னு. நான்தான் பதில் போட்டேன். இங்க ஜன்னல் வரைக்கும் பனி கிடக்கு, கோடை எங்க வந்துச்சு, மாத்தாத நேரம்தான்னு!

— அப்ப சாதகம் ஒரு மணித்தியாலம் பிழை.

— இருங்க, இருங்க. ஞாபகம் வருது. பிள்ளையைத் தூக்கிட்டு காலையில கிளினிக் போறேன், ஒன்பதாகப் போகுது, இன்னும் கும்முனு இருட்டு. ஸ்கூல் பிள்ளைங்க கையில வெள்ளைப் பட்டி கட்டிட்டுப் போகுது, கார்க்காரங்க கண்ணுக்குத் தெரியணும்னு. வந்த புதுசு. இங்கிலீஷ்காரன் ஊர்ல விடியறதே இப்படித்தான் போலன்னு நெனச்சேன்.

— கைப்பையைத் திறவுங்கோ. சாதகம் இருக்கோ? லக்கினம் என்ன போட்டிருக்கு?

— கன்னி. பக்கத்துலயே சின்னதா எழுதியிருக்கார், கன்னி அப்பத்தான் ஆரம்பம்னு.

— ஒரு மணித்தியாலம் முந்தினா அப்ப சிம்மம். செவ்வாய் எங்கை?

— கும்பத்துல.

— சிம்மத்திலையிருந்து எண்ணுங்கோ.

— சிம்மம் ஒண்ணு. கன்னி ரெண்டு. துலாம் மூணு, விருச்சிகம் நாலு, தனுசு அஞ்சு, மகரம் ஆறு... ஐயோ சாமி. வசந்தா, குடிக்கத் தண்ணி குடும்மா.

— ஏழு.

— சத்தமாச் சொல்லாதீங்க மிஸ்டர் ஸ்ரீ, நானே எண்ணிட்டேன்! நாலு பொண்ணுங்களைத் தோஷம், தோஷம்னு திருப்பி அனுப்பினேன். தோஷம் என் வீட்டுச் சோபாவுல காலை நீட்டிட்டு ஃபுட்பால் பாத்துட்டு இருந்திருக்கு!

— இந்தாங்கோ அக்கா, தண்ணி. சிரிக்கிறீங்களோ அழுகிறீங்களோ?

— தெரியலம்மா, ரெண்டும் சேர்ந்து வருது. இப்ப பாரு கூத்தை. என் பையனுக்கு இனித் தோஷம் இருக்கிற பொண்ணுதான் சேரும். உன் பொண்ணு ஆ-ன்னா அவளுக்குத் தோஷம் இல்ல. நீங்கதான் இப்ப எங்க பையனை வேணாம்னு சொல்லணும்!

— முறைப்படி பாத்தா...

— முறைப்படி வாயை மூடுங்கோ!

— நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை வசந்தா.

— சொல்ல வேண்டாம். அக்கா, நான் இப்ப யோசிச்சுப் பாக்கிறன். அந்த நேர்ஸ் இருக்கிறாவெல்லே? பிள்ளையை என்ரை கையிலை தந்துபோட்டுத்தான் கதிரையிலை ஏறினவ.

— என்ன?!

— ஓம். பிள்ளை என்ரை நெஞ்சிலை கிடக்குது, அவ கதிரையிலை நிக்கிறா. இப்ப வடிவாத் தெரியுது, அ-தான்.

— கொஞ்சத்துக்கு முதல் இந்தக் கண்ணாலை கண்டனான் எண்டனீர்!

— அப்பவும் இதே கண்ணாலைதான் கண்டனான். பிள்ளை கையிலை இருந்ததைச் சொல்ல மறந்திட்டன்.

— ஹா ஹா ஹா! வசந்தா, நீ கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜுக்கே பைத்தியம் பிடிக்கும்.

— சரோஜினி அம்மா, நான் ஒளிக்காமல் சொல்லுறன். இவவின்ரை ஞாபகத்தை நம்பி நான் ஒரு எழுத்தும் எழுதமாட்டன். கலா அ-வோ, ஆ-வோ, எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் வராது. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லி என்ரை பிள்ளையை ஒரு வீட்டுக்கு அனுப்ப என்னாலை ஏலாது. அதுக்காகத்தான் இரண்டையும் அனுப்பினனான்.

— ...புரியுது.

— கோவிக்காதேங்கோ.

— கோபம் இல்ல. எதுக்கும் ஈப்போவுக்கு எழுதிக் கேக்கணும். அந்த ஜோசியர் மகன்தான் இப்ப பாக்கிறாராம்.

— எழுதி, அவர் பாத்து, பதில் வர... என்ரை கடவுளே, சித்திரையும் போயிடும்! பிள்ளை ஷிப்ட் முடிஞ்சு வந்து, என்னம்மா சொன்னவை எண்டு கேட்டா நான் என்ன சொல்ல? ஈப்போவிலையிருந்து தபால் வரும் எண்டோ?

— நீ முதல்ல மணியைப் பாரு வசந்தா. உங்க கடிதத்தை முடிங்க மிஸ்டர் ஸ்ரீ, பன்னிரண்டேகால் ஆச்சு.

— முடிக்க ஏலாது. பந்தி மூண்டு இப்ப எனக்கே எதிராய் நிக்குது. மாத்தினதாலை கலாவுக்குக் கரைச்சல், மாத்தாமல் விட்டதாலை குணசீலனுக்குக் கரைச்சல். நான் எந்த வாயாலை நிப்பாட்டுங்கோ எண்டு கேட்கிறது? அந்தப் பந்தியை வெட்டப்போறன்.

— வெட்டினீங்கன்னா பாருங்க! அந்தப் பந்தி இல்லன்னா நான் இந்நேரம் ட்ரெயின்ல அழுதுட்டுப் போயிருப்பேன்.

— அப்ப என்னெண்டு முடிக்கிறது?

— இவ்வளவு கடிதம் எழுதுறீங்க, உங்களுக்குத் தெரியாதா?

— ம்... இப்பிடி எழுதினா? "ஆகவே ஐயா, மாற்றுவதை நிறுத்துவது நல்லது என்பதே என் கருத்து. நிறுத்த மனமில்லாவிட்டால், மணிக்கூட்டைத் திருப்பும் இரவில் பிறக்கும் பிள்ளைகளுக்கு, திருப்ப முன்னமோ பின்னமோ என்று ஒரு சொல் எழுதிக் கொடுக்க ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவிட வேண்டும். ஒரே ஒரு சொல், ஐயா. அது இல்லாமல் ஒரு தாயும் தகப்பனும் பட்ட பாட்டை நான் அறிவேன்."

— தாயும் தகப்பனும் மட்டுமா? ரெண்டு தாய்னு போடுங்க.

— போட்டிட்டன்.

— இஞ்சேருங்கோ! தபால்காரன்ரை சிவப்பு வான் மூலையிலை திரும்பிட்டுது! நான் செருப்புப் போட்டிட்டன், கெதியாய்த் தாங்கோ!

— பொறும், முத்திரை ஒட்டிட்டன், கவரை ஒட்டினாச் சரி.

— ஒட்டாதீங்க! நானும் ஒரு கையெழுத்துப் போடுறேன். எனக்கும் பங்கு உண்டுல்ல? பேனாவைக் குடுங்க... ம், போட்டாச்சு.

— அக்கா, அவன் பெட்டியைத் திறக்கிறான்!

— ஒரு நிமிசம் வசந்தா. இரண்டாம் ஆள் கையெழுத்து வைச்சா, முதல் ஆளுக்கு அவ என்ன முறை எண்டு பக்கத்திலை எழுதவேணும், அதுதான் ஒழுங்கு. அயலவர் எண்டு எழுத ஏலாது, நீங்கள் தோர்ண்டன் ஹீத். சிநேகிதர் எண்டு எழுதவோ? இங்கிலீசிலை என்னெண்டு போட, சரோஜினி அம்மா?

— இங்கிலீஷ்ல அதுக்கு வார்த்தை கிடையாது. தமிழ்லயே சம்பந்தின்னு போட்டு ஒட்டிக் குடுங்க, வசந்தா ஓடட்டும்.