எத்தனை வேளை சாப்பாடு?

அவையை அழகுற நடத்திவரும் தலைவர் திரு. சாகுல் ஹமீது அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அடுப்பை அணைத்துவிட்டுச் சிராங்கூன் சாலைவரை வந்திருக்கும் தாய்மார்களே, வேலையில் என் பக்கத்து மேசைத் தோழி கதீஜா அவர்களே, உங்கள் அனைவருக்கும் அருள்ஜோதியின் அன்பு வணக்கம்.

நான் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். யார் எதை எவ்வளவு உண்ணலாம் என்று சொல்லும் வேலை. கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, கடல் கடந்த நாட்டின் உணவுக் குறிப்புகளை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று விளக்கச் சொல்லி உங்கள் செயலாளர் என்னை அழைத்தார். புகழ்ந்து பேசுவேன் என்று நம்பியிருப்பார். புகழத்தான் வந்தேன். ஆனால் அதற்குமுன் ஓர் அதிர்ச்சியை உங்கள் முன்னால் இறக்கிவைக்க வேண்டும். ஓராண்டாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு, எண்பத்தேழில், அந்தக் கருவி எங்கள் அறைக்கு வந்தது. எண்ணை அழுத்தினால் கிரீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் எழுத்தெழுத்தாகத் திரை நிரம்பும். ஆப்பிளில் என்ன இருக்கிறது, அவித்த உருளைக்கிழங்கில் என்ன இருக்கிறது, அத்தனையும் சொல்லும். நோயாளியைப் பற்றிக் கேள்வி கேட்டு யோசனையும் சொல்லும். அவசரமாய்க் கேட்டாலும் அலுக்காமல் சொல்லும். ஆயிரம் முறை கேட்டாலும் ஆத்திரப்படாமல் சொல்லும். என்னம்மா சிரிக்கிறீர்கள்? வீட்டில் யாரையோ நினைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறதே! ஒருநாள் இடியாப்பம் என்று தட்டிப் பார்த்தேன். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்றது. அன்றே நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை.

அந்த வாரம்தான் புக்கிட் மேராவிலிருந்து பரமசிவம் வந்தார். பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு ஆண்டுகள் சக்கரம் பிடித்த கை. சர்க்கரைக்கு அப்போதுதான் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். உள்ளே வந்தவர் உட்காரக்கூட இல்லை, “பசியாறிட்டீங்களாம்மா?” என்று என்னைக் கேட்டார். எனக்கு அவசரம். கம்பித் தொடர்பு அறுந்துபோவதற்குள் கேள்விகளை முடிக்க வேண்டும். அவருக்குப் பதில் சொல்லாமல், திரையில் நின்ற கேள்வியை அப்படியே தமிழாக்கிக் கேட்டேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு?”

“ஒரு வேளைதாம்மா. மத்தியானம் மட்டுந்தான்.”

ஒன்று என்று தட்டினேன். ஒரே வேளை உண்டுவிட்டு மாத்திரை போடுவது ஆபத்து, மூன்று வேளை உணவு வேண்டும் என்று திரை சொன்னது. அதையே நான் சொன்னேன். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், ஒரு வேளைகூட விடக்கூடாது என்று தாளில் எழுதியும் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

தாய்மார்கள் சிலர் இப்போதே தலையில் கைவைத்துவிட்டீர்கள். உங்களுக்கு விளங்கிவிட்டது. படித்த எனக்கு விளங்க ஆறு வாரம் ஆனது.

ஆறாவது வாரம், தெம்பனிஸ் போகும் வழியில், வண்டி நிறையப் பயணிகள் இருக்க, பரமசிவத்துக்குக் கண் மங்கியது. சாலை கரைந்துபோனது. முன்னால் சென்ற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்ததாம். எப்படியோ ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். பயணிகளில் ஒருவருக்கும் சிறு கீறல்கூட இல்லை. ஆனால் அவரால் இருக்கையைவிட்டு எழ முடியவில்லை.

மறுநாள் அவர் மனைவி கண்மணி என் எதிரே வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நீங்க எழுதிக் கொடுத்தபடிதான் மூணு வேளையும் சோறு ஆக்கிப் போட்டேன், டாக்டரம்மா. காலையில பசியாறத் தோசை, பராட்டா, ராத்திரி பலகாரம், அதெல்லாம் எப்பவும்போலத்தான். அதுக்கு மேல மூணு வேளை சோறு. என்னால முடியலன்னாரு. ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு எழுதியிருக்காங்களேன்னு நான்தான் விடல.”

அதிர்ந்தேன், அவையோரே! அத்தனை சோறும் சர்க்கரையாய் ஏறித்தான் அவர் கண்ணை மறைத்திருக்கிறது. சோறு உண்டால்தான் சாப்பாடு என்று எனக்குத் தெரியாதா? காலையில் தோசை தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்றா சொல்கிறேன்? பசியாறினேன் என்றுதானே சொல்கிறேன்! கடலுக்கு அப்பாலிருக்கும் கருவிக்கு அது தெரியாது. கண்ணெதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அவர் உள்ளே நுழையும்போதே அந்தச் சொல்லோடுதான் நுழைந்தார். கருவிக்கு வாயாக இருந்த நான், அந்த மனிதருக்குக் காதாக இருக்க மறந்தேன்!

கதீஜா என் தோளைத் தொட்டார். “நம்ம மலாய் பேஷண்டும் அப்படித்தான் லா. நாசி, அதான் சோறு, அது சாப்பிட்டாத்தான் சாப்பாடும்பாங்க” என்றார். நான் எங்கோ தேடியது, இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தது.

இருவரும் அன்றே அந்தக் கருவியின் முன் உட்கார்ந்தோம். அதே உணவுக் குறிப்புகளைப் பயன்படுத்தும் பல நாட்டு டயட்டீஷியன்களுக்கும், நடந்ததை நடந்தபடி கம்பி வழியே எழுதினோம். தவறு என்னுடையது என்றே எழுதினேன். காலையில் பார்த்தால் ஒன்பது பதில்கள். ஊருக்கு ஊர் இப்படி ஒரு சொல் ஒளிந்திருக்கிறது! முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தார்: “என் பழைய நோயாளிகளின் அட்டைகளையெல்லாம் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.” விடை வாங்கிய கம்பியிலேயே வெட்கத்தையும் அனுப்பலாம், அது யாரோ ஒருவரைக் காப்பாற்றும் என்று அன்று கற்றேன். அதற்காக இந்தக் கருவியைப் புகழ்கிறேன். அதற்காக மட்டும் வாய் நிறையப் புகழ்கிறேன்!

பரமசிவத்துக்குக் கண் தெளிந்தது. சக்கரம் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது பணிமனையில் வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிறார். மூன்றாம் வரிசையில்தான் கண்மணியோடு இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குக் கூச்சம். இன்று காலை இந்த மன்றத்து வாசலில் என்னைக் கண்டதும் மறுபடியும் அதையே கேட்டார்: “பசியாறிட்டீங்களாம்மா?”

இந்த முறை நின்று பதில் சொன்னேன். “இன்னும் இல்லைங்கண்ணே” என்றேன்.

இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு என் நன்றி. தலைவருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். பரமசிவம் அண்ணே, இத்தனை பேர் அறிய உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். வாருங்கள், சேர்ந்து பசியாறுவோம்.