தூரத்துச் சொந்தம்

என் அண்ணன் ரொம்ப நல்லவர், சார். வாசலுக்கு வந்த ஒருவன் ஒற்றைக் கால் செருப்பை நீட்டி, மற்றது நாளைக்கு வரும் என்றதும் முழு விலையையும் கொடுத்து வாங்கிக்கொண்டவர்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். சொத்து வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது, அதை அனுப்ப முதலில் கொஞ்சம் பணம் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும் கட்டாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் தொண்டை வறளச் சொல்வேன். அண்ணனிடமும் சொன்னேன். தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

ஒருமுறை சூடு பட்டால் திருந்துவார் என்று தோன்றியது. புது சிம் வாங்கி, வெளிநாட்டு வக்கீலம்மாவாக அவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். உங்கள் தூரத்துச் சொந்தம் ஒருவர் வாரிசில்லாமல் இறந்துவிட்டார், சொத்தெல்லாம் உங்களுக்கே, பத்திரச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்புங்கள். என் கணவரின் நண்பர் கணக்குக்கு அன்றே பணம் வந்துவிட்டது.

உண்மையைச் சொல்லத்தான் மாலையில் போனேன். அண்ணன் பாடிக்கொண்டே கதவைத் திறந்தார். அண்ணி போன பிறகு அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

"யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா. வந்ததும் பாதி உனக்குத்தான்" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படி சார் சொல்வது?

பிறகு வரி கேட்டேன். முத்திரைக் கட்டணம் கேட்டேன். தாமதத்துக்கு அபராதமும் போட்டேன். கையிருப்பு கரைந்ததும் வீட்டை விற்றார். அவசரத்தில் விற்றதால் அடிமாட்டு விலை. வாங்கியது என் கணவர். கொடுத்த பணமும் அடுத்த வாரமே வக்கீலம்மா வழியாக எங்களிடம் திரும்பி வந்துவிட்டது.

அண்ணனை நாங்கள் வெளியே அனுப்பவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். வாடகைகூடக் குறைவுதான்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் நடுத்தெருவுலதாம்மா நின்னிருப்பேன்" என்று கண் கலங்கினார். எனக்கும் கலங்கிவிட்டது.

புகார் கொடுத்தது அவர் இல்லை. அடுத்த கட்டணத்துக்கு அவர் கடன் கேட்டுப் போன பக்கத்து வீட்டு டாக்டர்.

ஆமாம், செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இவ்வளவு வெள்ளந்தியான மனிதர் வெளியாள் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் சார். ஒரு பைசா வெளியே போகாமல் பார்த்துக்கொண்டேன்.