மாவின்ர வெளிச்சம்

இருங்கோ பிள்ளை, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோவன். ஓம், கமலேஸ்வரியின்ர வீடு வாய்க்காலுக்கு அங்கால தான். ஆனா அவ இப்ப நிக்கமாட்டா, களை பிடுங்கக் கூலிக்குப் போயிட்டா. முன்பள்ளிக் கஞ்சிக்கு அவவின்ர மா வேண்டாம் எண்டாப் பிறகு வேற என்ன செய்யிறது? பிள்ளையளுக்குப் பழைய மா குடுத்தவள் எண்டு வட்டக்கச்சி முழுக்கக் கதை. கடைக்காரரும் வாங்கினமில்லை. மாதர் சங்கத் தலைவி எண்டபடியா, மா வேண்டாம் எண்ட கடிதத்தை நான் தான் கொண்டுபோய்க் குடுத்தனான். வாசிச்சிட்டு, என்ர மா பழசோ நேசமலரக்கா எண்டு மட்டும் கேட்டா.

சீச்சீ, எங்கட மாவைச் சோதிச்ச உங்கட பெட்டியில பிழை சொல்லேல்லை. கம்பஸில காட்டினனீங்கள் தானே. மாவில இருக்கிற எண்ணெய் காத்துப்பட்டுக் கெடேக்க துளி வெளிச்சம் விடுமாம், தண்ணி பட்டா இன்னும் கூடுமாம், கண்ணுக்குத் தெரியாதாம், இருட்டுப் பெட்டி தான் எண்ணிச் சொல்லுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. புட்டுக்குக் குழைக்கிற மாவில என்ன வெளிச்சம்? பிறகு அவவின்ர பக்கற்றுக்கு எண்ணிக்கை ஏறிக்கொண்டு போச்சு.

என்ன, திரும்பவும் மா எடுக்கவோ வந்தனீங்கள்? உங்களுக்கும் சந்தேகம் தானே. வரும். அவ அண்டண்டைக்கு அரைச்சு வறுத்துக் குடுக்கிறவ. மில்லுக்கார மாயாண்டி அண்ணையைக் கேட்டாலும் சொல்லுவார்.

எடுக்கத் தேவையில்லை பிள்ளை.

சோதனைக்கெண்டு அவ என்னட்டத் தந்த பக்கற் என்ர கைதவறி குசினி நிலத்தில கொட்டுண்டு போச்சு. நீங்களும் படலையடிக்கு வந்திட்டீங்கள். சொல்ல வெக்கம். ஒரே மில்லில அரைச்ச ஒரே அரிசி தானே எண்டு என்ர மாவாளிக்குள்ள இருந்து அள்ளிப்போட்டு அவவின்ர பேரை எழுதினனான். எங்கட வீடுகளில மாவாளியை வெறுமையாக்கிறேல்லை, புது மா கொட்டினாலும் அடியில ஒருபிடி பழசு கிடக்கும். மேல கிடந்த புது மாவை, சோதனைக்கு நான் தந்த என்ர பக்கற்றுக்கு முதலே எடுத்திட்டன். மிஞ்சினதைச் சுரண்டி அவவுக்குப் போட்டன். அது பழசெண்டு தெரியும். உங்கட பெட்டி கண்டுபிடிக்கும் எண்டு தான் நினைக்கேல்லை.

அவ வாற நேரம் தான். நானே சொல்லுறன். நீங்கள் கொஞ்சம் பக்கத்தில நிண்டாப் போதும்.