முதல் டம்ளர்

இந்தத் தேநீரைப் போட்டவர் முதலில் ஒரு வாய் குடிக்கட்டும், ஐயா. பிறகு நான் குடிக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் குடும்ப வழக்கம். காய்ச்சியவன் முதல் டம்ளரைக் குடித்துவிட்டுக் கால்மணி நேரம் உட்கார வேண்டும். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் அடுத்தவருக்கு ஊற்றலாம். அப்பா வகுத்தது.

எங்கள் தோட்டத்தில் ஆறு பாத்திகள். துளசி, கற்பூரவல்லி, ஆடாதோடை எல்லார் வீட்டிலும் உண்டு. மூன்றாம் பாத்தியில் இருப்பது எங்கள் கஷாயத்துக்கே உரிய இலை. அதன் பெயரை உங்களுக்கும் சொல்ல மாட்டேன். அப்பா அந்தக் கஷாயத்தை விற்றதில்லை. தேடி வந்தவர்களை உட்காரவைத்துக் கொடுத்தார்.

என் தம்பி விற்றான். பேருந்து நிலைய வாசலில், தள்ளுவண்டியில். இலை பறிக்கும் உரிமையை அப்பா அவனுக்கும் எழுதிவைத்திருந்ததால் தினமும் காலையில் பின்வாசல் வழியாக வந்து பறித்துப்போவான்.

ஒருநாள் கேட்டேன். "அப்பா பேரைப் பலகையில எழுதி, பேப்பர் கப்புல ஊத்தி விக்கிறியே, வெக்கமா இல்ல?"

"பேரைப் பூட்டி வச்சா மட்டும் மணக்குமாண்ணே?"

"மணத்தைப் பத்தி நீ பேசாத, மூக்கா."

சிரித்துக்கொண்டே போனான். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்கு மோப்பம் போய்விட்டது. பால் தீய்ந்தாலும் தெரியாது. வெளியே யாருக்கும் இதைச் சொன்னதில்லை. சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தான். நானும் காப்பாற்றினேன்.

மறுவாரம் மூன்றாம் பாத்தியில் செடிகளை மாற்றினேன். இலை அச்சு அசல் அதேதான். மணத்தை வைத்து மட்டுமே வேறுபாடு தெரியும்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. தெருவில் விற்கிறவன் முதல் டம்ளர் வழக்கத்தையா வைத்திருக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். குடிக்க வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் விழுவார்கள், நகராட்சிக்காரர்கள் வண்டியை எடுத்துப் போய்விடுவார்கள், பலகை இறங்கும். அந்த ஏழெட்டுப் பேர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை.

பேருந்து நிலையத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். தம்பி தினமும் முதலில் தான் குடித்துவிட்டு எல்லாரையும் காக்க வைப்பானாம். "நீ குடிச்சு உக்காந்து எந்திரிக்கிறதுக்குள்ள எங்க சளி தானாப் போயிடும்பா" என்று கேலி செய்வார்களாம். அன்றும் குடித்தான். பத்து நிமிடத்தில் வியர்த்தது. "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிப் பானையைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுத்தான் சாய்ந்தான். வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நானா? முதல் டம்ளரைக் குடிப்பதை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. வயிறு ஒத்துக்கொள்வதில்லை. வீட்டில் மருமகள் குடித்துப் பார்ப்பாள்.

ஆம், செடியை மாற்றியது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் கஷாயத்தைக் குடித்து வெளியார் ஒருவர்கூடச் சாகவில்லை என்பதையும் எழுதுங்கள். குடும்ப மானத்தைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால், என் பெயரைப் போடுங்கள்.