ஏழாவது குழியின் இடது மூலை

தினமும் குழியை இடம் மாற்றுவதுதான் கோல்ஃப் மைதானத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆடுகிறவர்கள், குழி என்னமோ பூமி பிறந்த நாளிலிருந்தே அங்கே இருப்பதாக நினைக்கிறார்கள். காலையில் நான்தான் உருளைக் கத்தியை அழுத்தி, எட்டு அங்குல ஆழத்துக்கு வெட்டி, எடுத்த மண்ணால் நேற்றைய குழியை அடைத்து, கொடியை நடுகிறேன்.

நீங்கள் கேட்டது அத்தானைப் பற்றி. வருகிறேன், ஐயா.

எனக்கு முன்னால் அக்காவின் கணவர்தான் அங்கே தலைமைப் பராமரிப்பாளர். ஒன்பது வருடம் அவருக்குக் கீழே புல் வெட்டினேன். அவருக்கு ஒரே சட்டம்: குழியைச் சுற்றிய புல்லில் கால் வைத்துவிட்டால் வாய் திறக்கக் கூடாது. ஆட்டக்காரர் பந்தைத் தட்டும்போது நான் ஒருமுறை தும்மியதற்கு, மூன்று நாள் குளத்துப் பாசி அள்ளவைத்தார். நல்ல மனிதர்.

அவர் ஓய்வுபெற ஒரு வாரம் இருந்தது. ஏழாவது குழியைச் சுற்றிப் புல்லை உரித்து, இடது மூலையில் மண் மாற்றிக்கொண்டிருந்தோம். விடிந்த நேரம். முழங்கால் உயரத்துக்குப் பனி. நாங்கள் இருவர்தான். புல் இல்லாத இடம் என்பதால் அன்று பேசினார்.

"மச்சான், என் இடத்துக்கு வெளியாள் ஒருத்தரை எழுதிட்டேன். இன்னிக்கு ஆபீஸ்ல குடுக்கணும்," என்று சட்டைப்பையைத் தட்டினார். "மனசுல வெச்சுக்காதே."

"ஏன் அத்தான்?"

"நீ புல்லை நல்லா வெட்டுவே. அது சொல்றதைக் கேக்க மாட்டே."

"புல்லு பேசுமா அத்தான்?"

"பாத்தியா, இதைத்தான் சொன்னேன்."

சிரித்துக்கொண்டே வடிகால் குழாயைப் பார்க்கக் குனிந்தார். நான் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தேன். பள்ளம் ஏற்கெனவே மூன்றடி இருந்தது. பாதி வேலையை அவரே முடித்திருந்தார்.

அத்தான் பையோடு பேருந்து ஏறியதைப் பார்த்தேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் இன்னும் வாசல் விளக்கை அணைப்பதில்லை. பல்பு போனால் நான்தான் மாற்றித் தருகிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த மூலை தாழத் தொடங்கியது. மணல் போட்டு நிரப்பினேன், மறுபடி தாழ்ந்தது. எங்கிருந்து தட்டினாலும் பந்து மெதுவாக வளைந்து அங்கே போய் நின்றது. சவாலான புல்தரை என்று எனக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

ஆறு வருடத்தில் அங்கே மட்டும் நான் குழி வெட்டவில்லை. புதுச் செயலாளர் கவனித்துவிட்டார்.

"இறுதிப் போட்டிக்குக் குழி அந்த மூலையிலதான். ஏன் முழிக்கிறீங்க, புதையல் ஏதும் வெச்சிருக்கீங்களா?"

எட்டு அங்குலம் அத்தானைத் தொடாது. ஆனாலும் பெரியவர் நெஞ்சுக்கு மேலே கொடி நடுவது மரியாதையா? அதனால்தான் நானே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

உடனே உயிர் போனதா என்று கேட்கிறீர்கள். இல்லை. மண்ணைத் தள்ளும்போது உள்ளேயிருந்து "மச்சான்" என்றார், இரண்டு தடவை. தள்ளி முடித்து, புல்லை விரித்து, உருளையை ஓட்டினேன். அந்தப் புல்லில் கால் வைத்த பிறகு நான் வாய் திறக்கவில்லை.

இப்போதும் தினமும் காலையில் அந்த மூலையிலிருந்து கூப்பிடுகிறது, இரண்டு தடவை. நின்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். அத்தான் என்னைப் பற்றிச் சொன்னது தவறு, ஐயா.