வெள்ளைத் துணியில் கோதுமை

டார்ச் பிடிப்பது எளிது என்று சொல்கிறவர்கள் ஆயுளில் ஒருநாளும் டார்ச் பிடித்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் கோதுமையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள், தெரியும். பக்கத்து வீட்டு ஸ்தாமெனா போன வாரம் உங்கள் காவல் நிலையத்துக்கே வந்து சொன்னாளாமே. ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளுக்கு அது பட்டினி கிடப்பதைவிடக் கொடிய விரதம். கோதுமைக்கு வருகிறேன், தம்பி. காபி ஆறுகிறது, குடியுங்கள். டார்ச்சிலிருந்து தொடங்கினால்தான் கோதுமை புரியும்.

என் கணவர் திஹோமிர் ரயில்வேயில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்துச் சமையலறையில். குழந்தைகள் இல்லை, ஒரு ஸஸ்தாவா கார் இருந்தது. அதை அவர் ஒருநாளும் மெக்கானிக்கிடம் விட்டதில்லை. ஒரு நட்டு கழலவில்லை என்றால் விடிந்ததிலிருந்து அந்த நட்டோடு சண்டை போடுவார். பொழுது சாயும் நேரத்தில் நட்டே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கழன்று வந்துவிடும்.

அவர் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். நான் பக்கத்தில் முழங்காலிட்டு, டார்ச்சோடு. சர்ச்சில் முழங்காலிட்டதைவிட அந்தக் காருக்கு முழங்காலிட்டது நூறு மடங்கு. அந்தக் கணக்கில் எனக்குச் சொர்க்கத்தில் முன்வரிசை இருக்கை உறுதி. வெளிச்சத்தை எங்கே காட்டினாலும் அது தவறான இடமாகத்தான் இருக்கும்.

“விதா, வெளிச்சத்த எனக்குக் காட்டறியா, இல்ல ஸ்தாமெனா வீட்டு பிளம் மரத்துக்குக் காட்டறியா?”

“மரமாவது பழம் தருது. நீ என்னத்தத் தர்ற?”

“கைய ஆட்டாத.”

“ஆடறது என் கை இல்லய்யா. காலங்காத்தால ரக்கியா குடிச்சா பூமியே ஆடத்தான் செய்யும்.”

இதை நாங்கள் சண்டை என்று நினைத்ததில்லை. கல்யாணம் ஆனவர்களுக்குப் பேச ஒரு பாஷை வேண்டும். எங்களுக்கு இது வாய்த்தது. அப்படிப் பக்கத்திலேயே இருந்து பார்த்துப் பார்த்து, அந்தக் காரின் வயிற்றுக்குள் இருக்கும் எல்லாமே எனக்கும் தெரிந்துபோயிற்று. அவருக்கு அது தெரியாது. டார்ச்சுக்குக் கண் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

போன வசந்தத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் டொக், டொக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. உள்ளே யாரோ அகப்பட்டுக்கொண்டு கதவைத் தட்டுவது போல. ஜாக்கி போட்டுத் தூக்கி, நான் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினேன். அவர் அடியில் கைவைத்துத் தடவிப் பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனையில் ஓர் உருண்டை மூட்டு இருக்கிறது, டை ராட் எண்ட் என்பார்கள். அது கிழவன் வாயில் மிச்சமிருக்கும் ஒற்றைப் பல்லைப் போல ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் சாலைப் பள்ளங்களில் வாத்துகள் குடும்பம் நடத்தி பேரன் பேத்தி எடுத்திருக்கின்றன. அத்தனை வருடம் அந்த மூட்டு தாங்கியதே பெரிது.

புது மூட்டு வாங்கி வந்தார். சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தோம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. உலகத்தைப் பால் டம்ளருக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்வார். அதனால் நுணுக்கமான வேலையெல்லாம் கொஞ்ச காலமாக என் கைக்கு வந்திருந்தது. கடைசியில் நட்டை இறுக்குவது, அதன் குறுக்கே ஸ்பிளிட் பின்னைச் செருகி இரண்டு காலையும் மடக்குவது. கொண்டை ஊசி அளவுதான் இருக்கும் அந்தப் பின். நட்டு கழன்று ஓடாமல் காவல் காப்பது அதுதான்.

பழைய மூட்டைக் கழற்றும்போது அவர் திருகத் திருக நான் சுற்றுகளை எண்ண வேண்டும். புதியதை அதே எண்ணிக்கைக்கு ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கார் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காருக்கு அடியிலிருந்து சொன்னார்.

“நாளைக்கு நான் தேசாங்கா வீட்டுக்குப் போறேன், விதா.”

“எண்ணிட்டிருக்கேன், கொழப்பாத.”

“போனா திரும்ப மாட்டேன். அங்கயே இருந்துடப் போறேன்.”

தேசாங்கா மலையிடுக்கைத் தாண்டிய பட்டணத்தில் இருக்கிறவள். விதவை. மருந்துக்கடை வைத்திருந்தாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போய் அறிமுகம் ஆகியிருக்கிறது.

“பதினொண்ணு” என்றேன் நான். எண்ணிக்கை தவறவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் நிதானம் இழக்கவில்லை.

“உம்மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல” என்றார். “கடைசிக் காலத்துல கொஞ்சம் நிம்மதி வேணும், அவ்ளோதான். அவ கராஜ நீ பாக்கணுமே, விதா. தரையில குழி வெட்டி, மேல, கீழ, ரெண்டு பக்கமும் டியூப் லைட்டு. பட்டப்பகல் மாதிரி. யாரும் டார்ச்சே புடிக்க வேணாம்.”

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. திருவிழா பார்த்து வந்த பையன் வீட்டில் வந்து சொல்வது மாதிரி, சந்தோஷமாகச் சொன்னார். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் காட்டச் சொன்னார். காட்டினேன்.

இன்னொருத்தியைப் பொறுத்துக்கொள்ளலாம், தம்பி. ஸ்தாமெனா தன் புருஷன் வைத்திருந்த மூன்று பேரைப் பொறுத்துக்கொண்டு, மூன்று பேருக்கும் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தவள். ஆனால் ஒரு மனுஷியைக் கூரையில் தொங்கும் டியூப் லைட்டோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, டியூப் லைட் பரவாயில்லை என்று முடிவு செய்வது வேறு விஷயம்.

“நட்ட இறுக்கிட்டுப் பின்ன மாட்டு” என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். நான் குனிந்தேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் எனக்கு நானே வெளிச்சம் பிடித்துக்கொண்டேன். எந்தக் குறையும் தெரியவில்லை.

“பின் போயாச்சா?” என்று குழாயடியிலிருந்து கேட்டார்.

“போயாச்சு.”

“காலு ரெண்டையும் மடக்கிட்டியா?”

“மடக்கியாச்சு.”

பின் என் ஏப்ரன் பையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. வேண்டுமானால் கை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டு உடனே ஆடி, வாசலிலேயே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. அதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நாளைக்கு உங்களுக்கும் ஒரு வீட்டுக்காரி வருவாள், அவள் காதில் இது விழ வேண்டாம்.

என் கணக்கு சின்னது. தெருமுனையில் மாவு ஆலை இருக்கிறதே, அங்கே திருப்பம், பெரிய பள்ளம். யாரும் வேகமாகப் போக முடியாது. அங்கே மூட்டு கழன்று, சக்கரம் கோணி, கார் நாணல் புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். அவர் என்னையும் காரையும் கடவுளையும் வரிசை பிசகாமல் திட்டிக்கொண்டு நடந்து திரும்பி வருவார். வந்து, “விதா, டார்ச்ச எடு” என்பார். எனக்கு வேண்டியிருந்தது அந்த மூன்று சொல்தான். ஆலை எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். மலையிடுக்கு அதற்கும் அப்பால் வெகுதொலைவு. நட்டு பொறுமைசாலியாக இருந்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை பெட்டியையும் ஸ்பேனர் பையையும் வண்டியில் வைத்தார். நான் சுட்ட மிளகாய் ஜாடி இரண்டு கொடுத்தேன். அவளுக்குச் சமைக்க வராது என்று கேள்வி. கார் நகர்ந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைப் பின்னால் வீசி ஊற்றினேன். நம் வழக்கம்தானே, போகிறவருடைய பயணம் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. யார் போனாலும் ஊற்றுகிறோம், புருஷன் போனால் ஊற்றாமல் இருக்கலாமா? கையை ஆட்டிவிட்டுப் போனார். டொக் சத்தமே இல்லை. ஆலைத் திருப்பத்தில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. நான் குவளையோடு அங்கேயே நின்று பார்த்தேன்.

மதியம் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மலையிடுக்கில், ஆற்றை ஒட்டிய வளைவு. காரை மறுநாள்தான் ஆற்றிலிருந்து மேலே எடுத்தார்கள். பழைய கார், வயசானவர், கண்ணில் புரை என்று எழுதி மூடினார்கள். மூன்றுமே உண்மை. நான் எதையும் மறைக்கவில்லை. யாரும் என்னிடம் கேட்கவில்லை. டார்ச் பிடித்தவளிடம் என்ன கேட்பது?

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளிலிருந்து அவர் வர ஆரம்பித்தார்.

கராஜில் இப்போது கார் இல்லை. தரையில் எண்ணெய்க் கறை, அலமாரியில் கழற்றிப் போட்ட பழைய மூட்டு. பொழுது சாயும் நேரத்தில் டொக், டொக். போய்ப் பார்த்தால் மூட்டு அசையாமல் கிடக்கிறது. சத்தம் கறைக்குள்ளிருந்து வருகிறது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் பக்கத்தில் முழங்காலிட்டு, கறையின் மேல் வெளிச்சம் பிடிப்பேன். “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்” என்கிறது குரல். தொண்டையில் தண்ணீர் நிற்கிற குரல். காட்டுவேன். கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும். பிறகு கேட்கும்.

“பின் போயாச்சா?”

“போயாச்சு.”

“காலு ரெண்டையும் மடக்கிட்டியா?”

“மடக்கியாச்சு.”

சத்தம் நிற்கும். எழுந்து கதவருகே வந்தால் மறுபடி டொக், டொக், மறுபடி அதே கேள்வி. ஒரு மாலை விடாமல் வருகிறார். அவர் கேட்பதை நிறுத்துவதில்லை, நானும் பதிலை மாற்றுவதில்லை. ஆக, திரும்பி வந்தாரா இல்லையா? தேசாங்காவின் டியூப் லைட்டுக்கு அடியில் யாரும் படுத்திருக்கவில்லை. உங்களுக்குக் கேட்கவில்லையா? இருங்கள், இன்னும் வெயில் இருக்கிறது.

சரி, கோதுமை. உங்கள் வீட்டுக் காவல் புனிதர் யார், நிக்கோலாவா? அப்படியானால் வருடாவருடம் அவர் திருநாளுக்கு உங்கள் அம்மா கோதுமை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து வைப்பாள். இந்த வீட்டுக்குக் காவல் தேவதூதர் மிக்கேல். அவர் செத்ததே இல்லை. சாகாதவருக்குக் கோதுமை வேகவைப்பதில்லை. ஆகவே இந்த வீட்டு அடுப்பில் கோதுமை வேகிறது என்றால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், சாவு வீட்டில் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி கொடுக்க. ஸ்தாமெனாவுக்கு அது தெரியும். சேதி வந்த நிமிடமே அழுதுகொண்டு என்னைக் கட்டிக்கொள்ள ஓடி வந்தவள், சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். மேசை நீளத்துக்கு வெள்ளைத் துணி. அதன்மேல் கோதுமை வெந்து வடிந்து, உலர்ந்துகொண்டிருந்தது.

“இத எப்ப ஊறப்போட்ட, விதா?” என்று கேட்டாள்.

நான் துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினேன். அதற்குப் பிறகு இந்த ஒரு வருடமாக அவள் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

சனிக்கிழமை மாலை ஊறப்போட்டேன். ஞாயிறு விடிவதற்குள் வெந்துவிட்டது. வால்நட்டு அவர் உடைத்துக் கொடுத்தது. ஸ்டியரிங் வேலையின் கிரீஸ் அப்போதும் நகக்கண்ணில் இருந்தது. “கேக்குக்கா?” என்று கேட்டார். “உனக்குத்தான்” என்றேன். இரண்டு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

ஆனாலும் திரும்பச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கார் ஆலைத் திருப்பத்தில் நின்று, அவர் நடந்து வீட்டுக்கு வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே கிடையாது. கோதுமையைக்கூட ஏதோ கை போனபடிதான் அள்ளிப் போட்டேன். அடக்கத்துக்கு ஊரே திரண்டு வந்தது, தம்பி. ஒருவருக்கும் குறையவில்லை.